வாய்க்கூடை வாங்கிவிட்டு எண்டோஸ்கோபிக்குப் போங்கள்

என் குதிரைக்கு வயிற்றுப் புண் என்று தெரிந்ததுகூடப் பெரிதில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிரேவில் பந்தய மைதானத்தில் ஓடி ஓய்வுபெற்றவன். இப்போது டர்பனுக்கு அருகே ஷாங்வேனியில் ஒரு லாயத்தில் இருக்கிறான். சேண வாரை இறுக்கினால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருவான்; தானியத்தைப் பாதியில் விட்டு ஒதுங்கிவிடுவான். "அவன் குணமே அப்படி" என்றார்கள். தீவனக் கடைக்காரர் ஒரு பொடியைத் தலையில் கட்டினார். அமிலத்தைச் சற்று நேரம் தணிப்பதோடு அதன் வேலை முடிந்தது. தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். பொடி என்ன செய்யும்?

எண்டோஸ்கோபிக்கு நேரம் கேட்டபோது, மருத்துவமனைப் பெண் சொன்னது ஒன்றுதான்: "இரவு முழுக்கத் தீவனம் வைக்காதீர்கள்." வைக்கவில்லை. புல் வலையையும் கழற்றினோம். காலையில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், மூன்று மீட்டர்க் குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டால், திரை முழுக்க மஞ்சள் வைக்கோல்! பசித்தவன் தன் படுக்கையையே தின்றிருக்கிறான்.

கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டுமாம். "படுக்கை வைக்கோலைப் பற்றிச் சொல்லவே இல்லையே, அம்மா?" என்றேன். "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார், ரசீதிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆகவே, முதல் நாளே வைக்கோலை அள்ளிவிட்டு மரச்சீவல் போடுங்கள். அதோடு, எதையும் தின்னாதபடி வாய்க்கூடையும் கட்டுங்கள். தண்ணீரை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதையும் நீங்களே கேளுங்கள்.

அடுத்த முறை தெளிவாகத் தெரிந்தது. இரைப்பையின் மேல்பகுதியில், வெளிறிய தோலில் சிவந்த குழிகள். புண்ணின் கடுமை நான்கில் மூன்றாம் நிலை. கீழ்ப்பகுதி சுத்தம். அங்கே புண் இருந்தால் சிகிச்சை வேறு, புண்ணின் மேல் பூச்சாகப் படியும் சுக்ரால்ஃபேட் மருந்தும் சேர்ப்பார்கள். பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள் என்பது இதனால்தான்.

மருந்து, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமெப்ரசோல் பசை; உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 4 மில்லிகிராம், 28 நாள். விலையைக் கேட்டால் நம் வயிறு எரியும். மனிதர்களுக்கான மாத்திரை மலிவு என்று ஒருவர் யோசனை சொன்னார். 500 கிலோ குதிரைக்கு 20 மில்லிகிராம் மாத்திரை தினமும் நூறு வேண்டும்! கண்ட இடத்தில் கலந்து விற்கும் மலிவுக் கலவையும் வேண்டாம். பாதுகாப்புப் பூச்சு இல்லாத ஒமெப்ரசோலை இரைப்பை அமிலமே சிதைத்துவிடும். விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே புல் போட வேண்டும். வாயில் புல் ஒட்டியிருந்தால் பசையைச் சேர்த்துத் துப்பிவிடுவான். என் சட்டைகள் சாட்சி.

தானியத்தைக் குறைத்தோம். டெஃப் என்னும் உலர்புல் நாள் முழுக்கக் கிடக்கிறது. சவாரிக்கு முன் ஒரு கை குதிரை மசால் தீவனம். வயிறு காலியாக ஓடினால் அமிலம் மேலே தெறிக்கும். கால் வலிக்கு ஃபினைல்பியூட்டசோன் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் புண்ணாக்கும்.

மறுபரிசோதனைக்கு நேரம் கேட்டபோது அதே பெண் தாமாகவே கேட்டார்: "படுக்கை வைக்கோலா, மரச்சீவலா?" புண் ஆறியிருந்தது. இனி நெடும்பயணம் வந்தால் மட்டும், அந்தப் பசையைக் கால் பங்கு அளவில், சில நாள் கொடுத்தால் போதுமாம்.