தெருவில் எனக்கு வேலை போய்விட்டது

நாற்பதைத் தாண்டியவன், குடும்பஸ்தன். விடிந்தும் விடியாமலும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான், இருட்டின பிறகு திரும்புகிறான், கேட்டால் படிக்கிறேன் என்கிறான். தண்டையார்பேட்டையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: வேலை போய்விட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறான்.

உண்மையில் நான் சேர்ந்திருப்பது முழுநேர எம்பிஏ. இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் போட்டு அமுக்கி நடத்துகிறார்கள். அதற்காக வேலையை நானாகத்தான் விட்டேன். தெரு நம்ப மறுப்பது இந்த ‘நானாக’வைத்தான்.

இஸ்திரி வண்டி அண்ணனிடம் ஒருநாள் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். ஐதராபாத்தில் ஐஎஸ்பி என்கிற பிசினஸ் ஸ்கூல் 2001-லேயே ஓராண்டுப் படிப்பாகத்தான் ஆரம்பித்தது, அகமதாபாத் ஐஐஎம் 2006-இல் அனுபவம் உள்ளவர்களுக்கென்றே தனியாக ஒரு வகுப்பு தொடங்கியது, என்னைப் போல் பிள்ளை குட்டியோடு எத்தனையோ பேர் படிக்கிறார்கள் என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காலரை மடித்துத் தேய்த்தபடி, “பாவம், அவங்களுக்கும் வேலை பூட்ச்சா தம்பி?” என்றார். அந்த வாரம் சட்டைகளுக்குக் காசு வாங்கவில்லை. எவ்வளவு நீட்டியும், “வேல கெடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றுவிட்டார்.

அம்மா வேறு வழி கண்டுபிடித்தார். சொந்தக்காரர்களிடம், “கம்பெனியே செலவு பண்ணிப் படிக்க அனுப்பிருக்கு” என்று சொல்லிவிட்டார். எந்தக் கம்பெனி என்று சித்தி கேட்டதற்கு, “பெருசு” என்றாராம்.

படிப்பு நடப்பது பெரும்பாலும் மெட்ரோவில்தான். 2021 பிப்ரவரியில் பாதையை விம்கோ நகர் வரை நீட்டினார்களே, அது மட்டும் இல்லையென்றால் இந்த எண்ணமே எனக்கு வந்திருக்காது. தண்டையார்பேட்டையில் ஏறினால் நேராக கிண்டி. அதற்குள் ஒரு கேஸை முடித்தாக வேண்டும். கேஸ் என்றால் வழக்கு இல்லை, ஏதோ ஒரு கம்பெனி மாட்டிக்கொண்டு முழித்த கதை. இருபது பக்கம் கதை, பின்னால் பக்கம் பக்கமாக அட்டவணை. பாதிக்குப் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: தலைமை அதிகாரி ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி ஆழ்ந்து யோசிக்கிறார். எங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டு மிக்ஸிதான் தெரியும். அதனால்தானோ என்னவோ எனக்கு இன்னும் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. சைதாப்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வெளிச்சம் வரும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்னும் அட்டவணைப் பக்கம் போயிருக்க மாட்டேன். வகுப்பில் பேராசிரியர் ‘கோல்டு கால்’ என்று யாரையாவது திடீரென்று எழுப்பிக் கேட்பார். என் பக்கத்து இருக்கைப் பையனுக்கு வயது இருபத்தெட்டு, முந்தின இரவே படித்து முடித்திருப்பான். அவன் என்னை மரியாதையாக “சார்” என்பான். அதனாலேயே பேராசிரியரின் கண் முதலில் என் மேல் விழும்.

மார்க் விஷயம் இன்னும் மோசம். எங்களுக்கு ரிலேட்டிவ் கிரேடிங், அதாவது நான் எவ்வளவு வாங்கினேன் என்பது முக்கியமில்லை, மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிரேடு. பைனான்ஸில் வாங்கிய மார்க்கை நியாயப்படுத்த இதை ஒன்பதாவது படிக்கும் மகளிடம் விளக்கி வைத்தேன். அடுத்த வாரம் கணக்கில் 41 வாங்கிக்கொண்டு வந்து, “கிளாஸ்ல நெறைய பேரு ஃபெயில்பா, உன் கணக்குப்படி இது ஏ கிரேடு” என்றாள். மனைவி இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். பேசியிருக்கலாம்.

ஆடி மாதம் வந்தது. வடசென்னையில் ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கூழ், குழாய் ஸ்பீக்கர். எங்கள் வீட்டு மொட்டைமாடி உயரத்துக்குச் சரியாக ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆன்லைனில் எங்கள் குழுவின் பிரசன்டேஷன். ஒரு கம்பெனியை என்ன விலைக்கு வாங்கலாம் என்று வரும் வருடங்களின் பணவரவையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கணக்குப் போட்டிருந்தோம். “சரி, இறுதியாக உங்கள் மதிப்பீடு எவ்வளவு?” என்றார் பேராசிரியர். நான் மைக்கைத் திறந்தேன். வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து, “ஐந்நூற்று ஒரு ரூபாய்!” என்று கணீரென்று வந்தது. நன்கொடை கொடுத்தவரின் பெயரும் அவர் குடும்பத்தார் பெயரும் தொடர்ந்து வந்தன. புனேக்காரப் பெண் ஏலமா என்று கேட்டாள். பேராசிரியர் மதுரைப் பக்கம், சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. கடன் இருந்த நிலையைப் பார்த்தால் அந்தக் கம்பெனிக்கு ஐந்நூற்றொன்று ஒன்றும் மோசமில்லை என்றார்.

இதற்கிடையில் எதிர்வீட்டு அண்ணன் எனக்கு வேலையே பார்த்துவிட்டார். அவர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மேனேஜரிடம் பேசி, “கேட்ல ஆள் வேணுமாம், சொல்லி வச்சிட்டேன், நாளைக்குப் போ” என்றார். வேண்டாம் என்றால் மனது கஷ்டப்படும். அதோடு ஆபரேஷன்ஸ் பாடத்துக்கு ஏதாவது ஓர் இடத்தில் வரிசையை அளந்து புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. அதனால் போனேன்.

மேனேஜர் எக்ஸெல் தெரியுமா, நைட் ஷிஃப்ட் ஓகேவா என்று கேட்டார். எல்லாம் தெரியும், ஆனால் வேலை வேண்டாம், கேட்டருகே உட்கார்ந்து வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறித்துக்கொள்ள அனுமதி மட்டும் போதும் என்றேன்.

“சம்பளம்?”

“வேணாம் சார்.”

அவர் முகம் மாறிவிட்டது. “சார், நீங்க ஜிஎஸ்டியா?” கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையையும் என் நரையையும் மாறி மாறிப் பார்த்தவர், சந்தேகம் தீராமலே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடச் சொன்னார்.

லிட்டில் விதி என்று ஒன்று உண்டு, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி வருகிறது என்பதை ஒரு வண்டி சராசரியாகக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையின் நீளம் வந்துவிடும். மணிக்குப் பன்னிரண்டு ட்ரெய்லர், நாலு மணி நேரக் காத்திருப்பு என்றால் நாற்பத்தெட்டு வண்டி. ஒன்றுக்குப் பதினெட்டு மீட்டர் வைத்தால் சாலையில் எண்ணூறு மீட்டருக்கு மேல் அடைத்துக்கொள்ளும். இதைத் திருப்பிப் போட்டால் வரிசையைப் பார்த்தே காத்திருப்பைச் சொல்லலாம். எதிர்வீட்டு அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கு முன்னால் நின்ற வண்டிகளை எண்ணி, பன்னிரண்டால் வகுத்து, “ஒம்போதுக்கு வூட்ல இருப்பேன், மீன் வறுத்து வை” என்று போனில் சொல்லிவிட்டார். கேட்டில் ஏதோ கோளாறு, வரிசை நகரவே இல்லை. பதினொன்றரைக்கு அண்ணி தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். “உன் ஃபார்முலா எங்கப்பா?”

“அது சராசரிங்க அண்ணி.”

“சங்கரா ஆறிப்போச்சு, இன்னா சராசரி?”

ஆறின சங்கராவை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நான் கேட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பலரும் பார்த்துவிட்டார்கள். தெருவுக்கு அது போதும். இஸ்திரி அண்ணன் பழைய பாக்கி உட்பட வாங்கிக்கொண்டார். அம்மா, கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது என்று சித்திக்குப் போன் செய்தார். இப்போது தெருவில் என்னை நிறுத்தி, யார்டில் சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடு என்று பயோடேட்டா தருகிறார்கள். கேஸ்களுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறேன். நேற்று ரயிலில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு பையன் எம்பிஏ முடித்தவன்.