திருத்தும் நாட்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

காத்திருப்பு பற்றிய கட்டுரையின் முதல் வரைவு முடிந்தது. இனி ஒரு வாரம் அதைத் திறக்கப் போவதில்லை. எழுதிய சூட்டில் படித்தால் விட்டுப்போன சொல்லைக்கூட மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். எழுதத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: எழுதும் நாளும் திருத்தும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

வாய்விட்டுப் படித்தேன். மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் பென்சில் கோடு. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நடுவில் எச்சங்களை அடுக்க அடுக்க, வாசிப்பவர் அத்தனையையும் அதுவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். 'பேருந்து வராததால் உண்டான எரிச்சலை வெளிக்காட்டும் விதமாக அவர் குடையைத் தரையில் தட்டினார்' என்பதை 'பேருந்து வரவில்லை. அவர் குடையைத் தரையில் தட்டினார்' என்று மாற்றினேன். எரிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, தட்டுகிற சத்தத்திலேயே இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நன்னூல் பாயிரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் அங்கே வரிசைப்படுத்துகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிடுகிறோம். திருத்தும்போது அருகில் வைத்துக்கொள்ள இதைவிடக் கூர்மையான பட்டியலை நான் கண்டதில்லை.

கூறியது கூறல்: இரண்டாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் ஒன்றையே சொல்கின்றன. ஐந்தாவது போயிற்று. மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்ப்பது: கடிகாரங்களைப் பற்றி முக்கால் பக்கம். சுவையான பகுதிதான், வேறு கட்டுரைக்கு எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றிலும் நுட்பமானது 'சென்று தேய்ந்து இறுதல்'. செழிப்பாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தே திருத்த உட்கார்ந்து, பாதியில் களைத்துப்போவதால்தான் இது நேர்கிறது என்பது என் எண்ணம். தொடக்கம் பத்து முறை மெருகேறும், முடிவு ஒருமுறைகூட மெருகேறாது. நாளை கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

அதே பட்டியலில் முதலில் நிற்பது குன்றக் கூறல், சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. வெட்டுவதில் ஆர்வம் மிஞ்சும்போது இதுவும் நினைவில் இருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

பின்னிருந்து முன்னாக. கடைசி இரண்டு பத்திகள் மட்டும்.

மார்ச் 15, சனி

நண்பர் படித்தார். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். அதனால் 'எந்த இடத்தில் கவனம் விலகியது?' என்று கேட்டேன். உடனே மூன்றாம் பத்தியைக் காட்டினார். மருத்துவமனையில் காத்திருப்பவர்களைப் பற்றிய பத்தி. எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை. நூலுக்கு அழகு பத்தில் பவணந்தியார் கடைசியாகச் சொல்வது விளங்கும் உதாரணம். மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கும் ஒரு பெண் போதும். நாளைக் காலை அந்தப் பத்தியை மட்டும் புதிதாக எழுத வேண்டும்.