எல்லையோரத்தில் குடி சிகிச்சைக்கு இடம் தேடுபவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் ஒருவரைக் குடியிலிருந்து மீட்க வழி தேடினால் முதலில் குழப்புவது மாநில எல்லைதான். ரேஷன் கார்டு கேரளத்தது, பஸ் ஏறினால் பக்கம் கோவை. கேரள கலால் துறையின் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையம் உண்டு. பாலக்காட்டுக்கானது அட்டப்பாடியில், கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் இருக்கிறது. இந்த ஊர்கள் இருக்கும் சித்தூர் தாலுகாவிலிருந்து அங்கே போக மண்ணார்க்காடு சுற்றி மலையேற வேண்டும், இல்லையென்றால் கோவை போய் ஆனைகட்டி வழியாகப் போக வேண்டும். அட்டப்பாடியிலேயே இருக்கும் அகளிக்காரர்களுக்கு அது வாசல். கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் தோது. நாங்கள் கூடப் போகிற குடும்பங்களிடம் சொல்வது இதுதான்: சேர்ப்பது ஒரு நாள் வேலை, ரிவ்யூவுக்கு மாதக்கணக்கில் போக வேண்டும். ஒரு நாள் கூலி முழுசாகப் போகாமல் திரும்பத் திரும்பப் போய்வர முடிகிற இடத்தைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரை, 'இன்றோடு விடு' என்று அறையில் பூட்டிவிடாதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைக்கிறார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. உடனே 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் டயஸிபாம் போன்ற மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுப்பது வழக்கம். கூடவே தயமின் ஊசி, அதாவது பி1 வைட்டமின். பல நாள் சாப்பிடாமல் குடித்தே கிடந்தவருக்குத் தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நடக்கிறது. தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபகசக்தியே போய்விடலாம். 'தயமின் போட்டாயிற்றா?' என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஓபி சீட்டு எடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, தூக்க மாத்திரைப் பழக்கம் உண்டா, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ என்ன மாத்திரை. குவார்ட்டர் கணக்கிலேயே எழுதலாம், 180 மில்லி என்று மருத்துவருக்குத் தெரியும். கள்ளு என்றால் எத்தனை பாட்டில், எந்த நேரத்தில். மானத்துக்குப் பயந்து 'கொஞ்சம்தான் சார்' என்று சொன்னால் மாத்திரையின் அளவு பற்றாமல் போய், வார்டிலேயே வலிப்பு வரலாம்.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் விமுக்தி எண் 14405, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான அரசு தொலைபேசிச் சேவை டெலி மானஸ் 14416. மூன்றும் இலவசம். டெலி மானஸில் மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். மருந்து வாங்க இந்தப் பக்கத்து ஆட்களின் மலையாளம் தாராளமாகப் போதும். கவுன்சலிங்குக்கு அது போதாது. மனைவியை அடித்ததையும் கடன் வாங்கியதையும் மனிதர் தன் சொந்தப் பேச்சில்தான் சொல்வார். தமிழ் பேசும் கவுன்சலர் உண்டா என்று சேர்க்கும் முன்பே விசாரியுங்கள்.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், ராத்திரி வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள், வீட்டார் எப்போது பார்க்கலாம், மொத்தச் செலவு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் ஏற்றுகிறோம் என்பவர்களிடம் ஆளைக் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருப்பவரை அவர் சம்மதமின்றி அடைத்துவைக்க முடியாது. சங்கிலியால் கட்டுவதற்கும் முழுத் தடை.

கஞ்சா, போதை மாத்திரை விஷயத்தில் வழக்குக்குப் பயந்தே பல வீடுகள் வாயைத் திறப்பதில்லை. சிறிய அளவு வைத்திருந்ததற்கோ பயன்படுத்தியதற்கோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும்.

வீடு திரும்பியபின் டைசல்ஃபிராம், அதாவது மது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை, எழுதிக் கொடுத்தால், அவருக்குத் தெரிந்தே அது கொடுக்கப்பட வேண்டும். குழம்பிலும் காபியிலும் ரகசியமாகக் கலப்பது கொலைக்குச் சமம். மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. மூட்டுவலிக்கு என்று வீட்டு அலமாரியில் இருக்கும் தசமூலாரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. அருகில் எங்கே நடக்கிறது என்று வார்டிலேயே கேட்டு, டிஸ்சார்ஜ் ஆன வாரமே போகத் தொடங்கட்டும். இடையில் மறுபடி குடித்துவிட்டால் புது மையம் தேடி அலைய வேண்டாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு அதே ஓபிக்கு அந்த வாரமே கூட்டிப்போங்கள்.