ஸ்விஃப்ட் 1.3-க்கு 4-2-1 ஹெட்டர்: டிக் டிக் சத்தம் ஒழிந்தது

ஒருவழியாகச் சத்தம் நின்றுவிட்டது. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன். டிக் டிக் இல்லை. இந்த ஹெட்டரை, அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பை, மாட்டிய நாளிலிருந்து "கேஸ்கெட்டை மாத்து" என்று சொல்லாத ஆள் இல்லை. கேஸ்கெட் என்றால் இன்ஜினுக்கும் ஹெட்டருக்கும் நடுவில் புகை ஒழுகாமல் வைக்கும் தகடு. கேஸ்கெட்டில் ஒன்றுமே இல்லை என்று நானும் அன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி முதல் தலைமுறை ஸ்விஃப்ட், பெட்ரோல், ஜி13பிபி இன்ஜின். 1298 சிசி, கம்பெனிக் கணக்கில் 87 குதிரைத்திறன். 2010-இல் இதை நிறுத்தி 1.2 லிட்டர் கே சீரிஸ் இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். சிறிய கார் வரிச்சலுகைக்கு பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பதால் வந்த மாற்றம் அது. மைலேஜ் கூடியது, சரி. ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது பழைய 1.3-இன் குணமே தனி. ஜிப்ஸியிலும் இதே இன்ஜின் குடும்பம்தான் என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை.

ஹெட்டர் ஆன்லைனில் வாங்கியது. கடையின் பெயர் வேண்டாம். குழாய் ஸ்டெயின்லெஸ், குழாய்களை இன்ஜினோடு சேர்க்கும் தட்டையான பட்டையான ஃப்ளான்ஜ் மைல்டு ஸ்டீல். பார்க்க வெல்டிங் அழகாகத்தான் இருந்தது. நான்கு குழாயும் ஒரேயடியாக ஒன்றில் சேரும் 4-1 எடுக்காமல், இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 எடுத்தது தெரிந்தேதான். எனக்கு வேண்டியது கோவை அவிநாசி ரோட்டில் மூன்றாவது கியரில் இழுக்கும் இழுவை. 6500 ஆர்பிஎம்மில் கிடைக்கும் சக்தியை வைத்து டவுனுக்குள் என்ன செய்வது?

ஹெட்டரின் இடத்தில் கம்பெனி போட்டிருந்த பழைய மேனிஃபோல்டைக் கழற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊற வைத்தேன். நட்டோடு சேர்ந்து வந்த ஸ்டட்களை (இன்ஜினில் திருகியிருக்கும் மரைக் கம்பிகள்) எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன்.

சத்தத்துக்கு வருவோம். குளிரில் டிக் டிக், இன்ஜின் சூடேறினால் மாயம். சூட்டில் உலோகம் விரிந்து, புகை ஒழுகும் இடைவெளி மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் 1, 4 சிலிண்டர் பக்கம் கேஸ்கெட்டில் கரி கோடு போட்டிருந்தது. நடுவில் இரண்டும் சுத்தம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி ஒழுகினால் ஃப்ளான்ஜ் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். குழாயை ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைக்கும்போது, ஆறும் வெல்டு சுருங்கி ஃப்ளான்ஜைத் தன் பக்கம் இழுத்துவிடும். முனை இரண்டும் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஸ்டீல் ஸ்கேலை நெடுக வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால் முனையில் 0.5 மிமீ பிளேடு தாராளமாக நுழைகிறது! நட்டை இறுக்கி இழுத்துப் பிடிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்டட் உட்கார்ந்திருப்பது அலுமினிய ஹெட்டில். மரை பிய்த்துக்கொண்டு வந்தால் அவரா வந்து ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குப் பதில் வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்?

கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "வெல்டிங்ல இழுத்திருக்குதுங்க தம்பி, இதை எந்த கேஸ்கெட்டும் அடைக்காது" என்றார் பட்டறை அண்ணன். அந்த வார்த்தையைக் கேட்கத்தானே போனேன்.

மில்லிங்கில் மேற்பரப்பை மட்டமாகச் சீவும் ஒரு பேஸிங் ஓட்டினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். சிக்கல் பிடிப்பதில் இருக்கிறது. வளைந்த ஃப்ளான்ஜை மேசையில் வைத்துக் கிளாம்பை இறுக்கினால் அது நிமிர்ந்துகொள்ளும். அந்த நிலையில் சீவினால் கட்டர் போன இடமெல்லாம் மட்டமாகத்தான் இருக்கும். கிளாம்பைத் தளர்த்தினதும் பழையபடி வளையும், சீவியது வீண். அதனால் அடியில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் ஷிம் தகடு கொடுத்து, வளைவு வளைவாகவே இருக்கும்படி உட்காரவைத்து, பிறகுதான் கிளாம்ப் போட வேண்டும். டயல் கேஜை முனையில் வைத்துக்கொண்டு, இறுக்கும்போது முள் அசைகிறதா என்று பார்ப்பதே வேலை. அசைந்தால் தளர்த்து, ஷிம்மை மாற்று. அண்ணனுக்கு இதில் பொறுமை அதிகம். எனக்கு இல்லை, இரண்டு டீ ஆனது. சீவ எடுத்த நேரத்தைவிடப் பிடிக்க எடுத்த நேரம்தான் அதிகம்.

ரேஸ்காரர்கள் சிலர் ஃப்ளான்ஜைச் சிலிண்டருக்குச் சிலிண்டர் இடையில் அறுத்துவிடுவார்கள். நான்கும் தனித்தனியே ஹெட்டில் உட்காரும், சூட்டில் தன்னிஷ்டத்துக்கு விரியும். நல்ல யோசனைதான். 8 மிமீ ஃப்ளான்ஜில் சீவியதுபோக 7-க்கு மேல் மிச்சம் இருந்ததால் நான் அறுக்கவில்லை.

மாட்டும்போது நடுவிலிருந்து முனைக்கு, இரண்டு சுற்றாக இறுக்கினேன். சூடாகி ஆறிய பிறகு இன்னொரு தடவை. வேக்குவம் கிளீனரின் காற்று வரும் பக்கத்தை டெயில் பைப்பில் செருகி, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஒரு குமிழி இல்லை.

இந்த ஒழுக்கை இவ்வளவு துரத்தியதற்குக் காரணம் சத்தம் மட்டுமில்லை. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்ஸிஜன் அதிகம் என்று சென்சார் சொல்லும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். ஹெட்டர் போட்டதும் மைலேஜ் விழுந்தது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

சென்சார் வேலை இன்னும் பாக்கி. புதிய ஹெட்டரில் அதன் இடம் கீழே போய்விட்டதால் வயர் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டி சால்டர் வைக்க மனமில்லை. இந்த வகை சென்சார்களில் பல, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் இழைகள் வழியாகத்தான் எடுக்கின்றன. சால்டர் அதை அடைத்துவிடும். இரண்டு பக்கமும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் தேடுகிறேன். உக்கடத்தில் கிடைக்கவில்லை. சென்னை போனால் புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

குழாய்மேல் ஹீட் ரேப் (வெப்பம் தாங்கும் துணிப் பட்டை) சுற்றச் சொல்கிறார்கள், சுற்றப்போவதில்லை. மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கினால் மைல்டு ஸ்டீல் ஃப்ளான்ஜும் வெல்டும் என்ன ஆகும்? காசு சேர்ந்தால் செராமிக் கோட்டிங். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கச் சொல்கிறவர்களுக்கும் அதே பதில்தான், முடியாது. புகைச் சான்றிதழுக்கு நான்தானே வரிசையில் நிற்கிறேன்.

சென்சார் வயர் கிடைத்ததும் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டே போகலாம் என்று இருக்கிறேன். அதற்குள் பிரேக் பேட் வேறு தேய்ந்திருக்கிறது, எந்த பேட் போட்டிருக்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.