வால்பாறைக் குறிப்பேடு கட்டுரையான கதை

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாக எஞ்சியிருக்கும் மழைக்காடுகளில் மர நாற்றுகளை மூன்று ஆண்டுகள் எண்ணி முடித்தபோது, இனி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டால் வேலை தீர்ந்தது என்றே நினைத்திருந்தேன். எந்த இதழுக்கு அனுப்புவது என்று கேட்டதற்கு, என் வழிகாட்டி தயங்காமல் பிரிட்டிஷ் சூழலியல் சங்கத்தின் இதழ்களுள் ஒன்றைச் சொன்னார். இதழ்களால் சங்கத்துக்கு வரும் வருவாய் ஆய்வு நல்கைகளாகவும் மாநாடுகளாகவும் துறைக்கே திரும்புகிறது என்பது அவர் சொன்ன காரணம். 1913-இல் தொடங்கிய அச்சங்கம், சூழலியலுக்கென உலகில் அமைந்த முதல் சங்கம். அதன் முதல் தலைவரான ஆர்தர் டான்ஸ்லிதான் ‘ஈகோசிஸ்டம்’ (சூழல் மண்டலம்) என்ற சொல்லை 1935-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அது வெளிவந்தது அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் ‘எக்காலஜி’ இதழில்.

கட்டுரையை அனுப்பிய இரண்டரை மாதத்தில், அதைப் படித்துக் குறை நிறை சொல்ல இதழ் அமர்த்திய மதிப்பாய்வாளர் இருவரின் குறிப்புகள் வந்தன. ஒருவர் நான்கே வரியில் முடித்துக்கொண்டார். மற்றவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். நாற்றுகளை எண்ண நான் காட்டுக்குள் குறித்துவைத்த ஒவ்வொரு கட்டமும் காட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், காட்டுத்துண்டு சிறுத்ததால்தான் நாற்றுகள் குறைந்தன என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. படித்த அன்று கோபம்தான் வந்தது. மறுவாரம் தொலைவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பரப்பளவின் விளைவென்று நான் காட்டியிருந்ததில் பாதிக்கு மேல் விளிம்பின் விளைவு என்று தெரிந்தது. பெயர் தெரியாத, இதற்கென ஒரு காசும் வாங்காத ஒருவர், என் மூன்றாண்டு உழைப்பை என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தார்.

திருத்திய கட்டுரை ஏற்கப்பட்டதும், அதைவிடப் பெரிய வேலை வந்து சேர்ந்தது. அச்சங்கத்தின் இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளின் மூலத்தரவை எவரும் பார்க்கக்கூடிய பொதுத் தரவுக் களஞ்சியத்தில் சேர்ப்பது 2014 முதல் கட்டாயம். என் எக்செல் கோப்பிலோ ஒரே கட்டம் ‘கே3’, ‘கே-3’, ‘கே 03’ என மூன்று பெயர்களில் இருந்தது. ஒரு நாளின் பதிவுகள் முழுவதற்கும் தேதியே இல்லை. அட்டை கடித்த இரத்தக்கறை படிந்த குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அத்தனையையும் சரிசெய்யப் பதினொரு நாள் ஆயிற்று. அயலார் திறந்து பார்ப்பார்கள் என்ற அச்சம் இல்லையென்றால், அந்தக் கோப்பு இன்றும் அப்படியேதான் கிடந்திருக்கும்.

சென்ற மாதம் அதே இதழிலிருந்து, வேறொருவரின் கட்டுரையை மதிப்பாய்வு செய்ய முடியுமா என்று கேட்டு எனக்கு மடல் வந்தது. ஒப்புக்கொண்டு, மூன்று வார அவகாசம் கேட்டிருக்கிறேன்.