ஈறு நீரைச் சோதித்துப் பார்த்தபோது

பல் தேய்த்துத் துப்பினால் நுரையில் லேசாகச் சிவப்பு. வலி இல்லாததால் ஒரு வருடம் அப்படியே விட்டுவிட்டேன். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறு இடுக்கின் ஆழம் பார்த்தார். 3 வரை பயமில்லை. எனக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டில் 6 வந்தது. “இது ஏற்கெனவே ஆன சேதங்க. நோய் இன்னும் ஓடுதா, ஓய்ந்துவிட்டதா என்று கம்பி சொல்லாது” என்றார். அதற்குத்தான் ஈறு இடுக்கில் ஊறும் நீரை எடுக்க வேண்டுமாம். கம்பி பட்டால் ரத்தம் கசியும் என்பதால் அதை வேறொரு நாள் வைத்துக்கொண்டோம்.

அன்று பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்தார். மேலே படிந்திருந்ததைத் துடைத்து, மெதுவாகக் காற்றடித்து உலர்த்தி, குட்டியூண்டு காகிதப் பட்டையை இடுக்கில் செருகி 30 விநாடி வைத்தார். முதல் பட்டையின் நுனி சிவந்துவிட்டது. ரத்தத்தின் புரதமும் சேர்ந்தால் கணக்கு கெட்டுவிடும் என்று அதைத் தூக்கிப் போட்டார். அடுத்ததில் நுனி மட்டும் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில்தான் அத்தனை சேதியும்!

தேடியவை இரண்டு புரதங்கள். எம்எம்பி-8, கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் விடும் நொதி. அளவு மீறினால் ஈறையும் பல்லையும் பிணைக்கும் கொலாஜன் என்ற நாரையே அறுத்துவிடும். இன்டர்லூகின்-1 பீட்டா எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும்.

முடிவைப் பார்த்து அசந்துவிட்டேன். இரண்டு பல்லிலும் ஆழம் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இரண்டு புரதமும் எகிறியிருந்தன, மற்றதில் அடங்கியிருந்தன. ஒரு தடவை எடுத்த அளவை மட்டும் நம்பக் கூடாது, ரத்தக்கசிவு, எக்ஸ்ரே எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரை சுத்தம் செய்தார். தினமும் பல்லிடுக்கு பிரஷ். சரி, பழகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. அடங்கியிருந்த பல் 4க்கு இறங்கியிருந்தது, பட்டை சரியாக நனையாத அளவுக்கு நீர் ஊறுவதும் குறைந்திருந்தது. மற்றது 5. எம்எம்பி-8 குறைந்திருக்கிறது, ஆனால் போதவில்லை. அந்தப் பல்லை மட்டும் அடுத்த மாதம் இன்னொரு முறை சுத்தம் செய்யப் போகிறோம்.