பதினொரு வருடத்துக்கு 500 ரூபா

"தம்பி, நேத்து வந்த பிள்ளைக்கும் எனக்கும் 500 ரூபாதானா வித்தியாசம்?"

2025 ஏப்ரல் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் புடவைக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிற அக்கா கேட்டது இதுதான். "சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

இலங்கையில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபா, 2021இல் 12,500. 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோதும் அதே 12,500தான். 2024இல் 17,500 ஆகி, 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. தனியாகக் கொடுத்துவந்த 3,500 ரூபா நிவாரணப்படியையும் இதற்குள் சேர்த்துவிட்டதால் உண்மையில் கூடியது 6,000. புதுப் பிள்ளைகளுக்கு அது முழுசாகக் கிடைத்தது. அக்கா ஏற்கனவே 26,000 வாங்கிக்கொண்டிருந்தார். சட்டம் கேட்டது 1,000. முதலாளி 1,500 போட்டார். 5,000 ரூபா இடைவெளி ஒரே மாதத்தில் 500 ஆகிவிட்டது.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. கூட்டுகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் மேலே ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 சதவீதம் அவர்தான் கட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு வேலை நாள் குறைந்தால் எங்கள் கல்லாவும் குறையும்.

ஆனால் அக்கா செய்கிற வேலை? கல்யாணப் புடவை எடுக்கத் தோட்டத்திலிருந்து குடும்பமாக வருவார்கள். பெண்ணின் அம்மா விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் முன்பே, அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேற்பட்ட கட்டைப் பிரிக்கவே மாட்டார். இருப்பதிலேயே நல்லதாக நாலு புடவையை விரித்து, முந்தானையை மணப்பெண்ணின் தோளில் போட்டுக் காட்டுவார். யாரும் கூனிக் குறுகாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். இதற்குச் சம்பளப் பட்டியலில் கட்டம் இல்லை.

அவருடைய தங்கை கொழுந்து பறிக்கிறார். அப்போது நாள் சம்பளம் 1,350. மாதத்தில் 25 பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டக் கணக்கு) விழுந்தால் 33,750. அத்தனை பேர் எப்போதும் விழாது, சரி. ஆனால் மலையேறி இறங்க வேண்டாம், கௌரவமான வேலை என்றுதானே எங்கள் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள்?

அதற்காகப் புதுப் பிள்ளைக்கு 27,000 அதிகம் என்று சொல்ல முடியுமா? அவளும் அதே பஸ்ஸில் வந்து, அதே விலைக்குத்தான் அரிசி வாங்குகிறாள். இந்த இடத்தில்தான் என் கணக்கு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

2026 ஜனவரியில் குறைந்தபட்சம் 30,000 ஆனபோது அந்த 500 ரூபாவும் போய்விட்டது. சேவைக்காலத்துக்கென்று வருடத்துக்கு 200 ரூபாவாவது தனியாகச் சேர்க்கலாம் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி வியாபாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.